எலும்புல பாதி நெருப்பாம்

எலும்பு எதால ஆனதுன்னு யாராவது கேட்டா டக்குனு கால்சியம்னு சொல்லிடுவோம், அதுக்கு மேல குடைஞ்சா போன எடுத்து தேட ஆரம்பிச்சிடுவோம். ஆனா கிமு 5ஆம் நூற்றாண்டுல, சிசிலி தீவுல அக்ரகாஸ்ங்கிற ஊர்ல இருந்த கிரேக்க தத்துவஞானி எம்பெடோக்ளிஸ் இதுக்கு அளவோட பதில் எழுதி வெச்சிட்டு போயிருக்காரு. மொத்தம் எட்டு பங்கு, அதுல நெருப்பு நாலு, தண்ணி ரெண்டு, மிச்சம் மண்ணு. அவ்ளோதான் எலும்பு. நம்ம உடம்ப நிக்க வெக்கிற சாமான்ல சரிபாதி நெருப்புன்னு சொல்லியிருக்காரு மனுஷன். எலும்பு காய்ஞ்சு வெள்ளையா இருக்கறதாலதான் நெருப்பு பங்க கூட்டியிருப்பாருன்னு பின்னாடி வந்தவங்க விளக்கமும் எழுதியிருக்காங்க.

எனக்கு இது ஏன் மனசுல ஒட்டிக்கிச்சுன்னா நான் பாலக்கோடு பக்கத்து ஆளு, எங்க ஏரியால பல்லு, எலும்பு, மூட்டு பத்தி பேசாத வீடே இருக்காது, காரணம் தண்ணி. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி இந்த நாலு பூதம் அஞ்சு பூதம் சமாச்சாரத்த கொஞ்சம் நிதானமா பேசிடலாம், ஏன்னா ஃபார்வர்டு மெசேஜ்ல வர்றது ஒண்ணா இருக்கு, நெசமா அந்தக் காலத்து ஆளுங்க சொன்னது வேற ஒண்ணா இருக்கு.

எம்பெடோக்ளிஸுக்கு முன்னாடி கிரேக்கத்துல ஆளாளுக்கு ஒண்ண புடிச்சுக்கிட்டு நின்னாங்க. தேல்ஸ் எல்லாமே தண்ணிதான்னாரு, அனாக்சிமினிஸ் இல்ல காத்துன்னாரு, ஹெராக்ளிடஸ் நெருப்புன்னாரு. இவரு வந்து எதுக்கு சண்டை, மண்ணையும் சேர்த்து நாலுமே வேருதான், நாலும் புதுசா பொறக்கறதும் இல்ல அழியறதும் இல்ல, கலக்கறதும் பிரியறதும் மட்டும்தான் நடக்குது, சேர்த்து வெக்கிறது அன்பு, பிரிச்சு விடறது பகைன்னு முடிச்சு வெச்சாரு. ஓவியருங்க கொஞ்சம் கலர கலந்தே மரம், மனுஷன், மிருகம், மீனு, சாமின்னு எல்லாத்தையும் வரைஞ்சிடறாங்கல்ல, அந்த மாதிரின்னு அவரே பாட்டுல சொல்றாரு. ஆமா, எல்லாமே பாட்டுதான், உரைநடை கெடையாது. காத்துங்கிறது வெறும் காலி எடம் இல்ல, அதுவும் ஒரு பொருள்தான்னு காட்ட, அடில ஓட்டை ஓட்டையா இருக்கற பாத்திரத்தோட மேல்வாய ஒரு சின்னப் பொண்ணு கையால அடைச்சிட்டு தண்ணில முக்கறா, தண்ணி உள்ள ஏற மாட்டேங்குது, கைய எடுத்தா ஏறுதுன்னு ஒரு காட்சி வெச்சிருக்காரு, எனக்கு அவரோட மொத்த வரிங்கள்ல அதான் ரொம்பப் புடிச்சது. கடைசில தான் ஒரு தெய்வம்னு காட்ட எட்னா எரிமலைல குதிச்சிட்டாரு, எரிமலை அவரோட வெண்கலச் செருப்ப மட்டும் வெளிய துப்பிடுச்சுன்னு ஒரு கதை சுத்துது. நம்பணும்னு அவசியம் இல்ல, ஆனா கதை நல்லாருக்கு.

நம்ம பக்கம் வந்தா தொல்காப்பியத்துலயே நிலம், தீ, நீர், வளி, விசும்பு அஞ்சும் கலந்த மயக்கம்தான் உலகம்னு இருக்கு. புறநானூறு ரெண்டாம் பாட்டு அந்த அஞ்சையும் ஒண்ணுல இருந்து ஒண்ணு கோத்துக்கிட்டே போகும். கோயில்லயும் அஞ்சு, காஞ்சிபுரம் மண்ணு, திருவானைக்காவல் தண்ணி, காளஹஸ்தி காத்து, சிதம்பரம் ஆகாயம், எங்களுக்கு பக்கத்துல இருக்கற திருவண்ணாமலை நெருப்பு, பௌர்ணமி ஆனா கிருஷ்ணகிரி தர்மபுரில இருந்து பஸ் பஸ்ஸா கெளம்பிடும் சனம்.

இங்கதான் ஃபார்வர்டு ஆளுங்க கோட்ட விடறாங்க. அரிஸ்டாட்டிலும் அஞ்சாவதா ஒண்ணு சொல்லியிருக்காரே, ஈதர்னு, அது நம்ம ஆகாயம்தான், நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டு போனதுதான்னு ஒரே போடா போட்டுடறாங்க. ரெண்டும் வேற வேற. அவரோட ஈதர் நிலாவுக்கு மேல மட்டும்தான், கீழ எறங்கவே எறங்காது, அது நேர்கோட்டுல மேலயும் போகாது கீழயும் வராது, வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும், அதாலதான் நட்சத்திரமெல்லாம் அழியாம சுத்துதுன்னு அவரு கணக்கு. நம்ம ஆகாயம் அப்படியா, அது சத்தத்த சொமக்கறது, உடம்புக்குள்ளயே இருக்கறது, மத்த நாலோட கலந்து கெடக்கறது. அதோட நம்ம நாட்டுலயே எல்லாரும் அஞ்சுக்கு கையெழுத்து போடலையே. பௌத்தத்துல மகாபூதம் நாலுதான். சார்வாகரும் நாலுதான், கண்ணுக்கு தெரியாத ஆகாயத்த ஏன் சேர்க்கணும்னு கேட்ட கூட்டம் அது.

மணிமேகலைல சமயக் கணக்கர் ஒவ்வொருத்தரா வந்து பேசற எடத்துல பூதவாதின்னு ஒருத்தன் வருவான். அவன் சொல்றது என்னன்னா, தாதகிப் பூவும் வெல்லமும் மத்ததும் போட்டு கூட்டுனா எப்படி போதை தானா பொறக்குதோ அப்படி பூதங்க கூடறப்ப உணர்வு தானா பொறக்குது, தனியா ஒரு உயிரு வெளிய இருந்து வரல. கள்ளச் சாராயக் கதைய கேட்டு வளர்ந்த எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு உரையே தேவையில்ல, வேலம்பட்டையும் வெல்லமும் பானைல போட்டு ஊற வெச்சா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். இதுல இன்னொரு கூத்து, 14ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் நாட்டு பிரான்சிஸ்கன் துறவி ரூபெசிஸ்ஸாவோட ஜான்னு ஒருத்தரு, ஜெயில்லயே ரொம்ப வருஷம் கெடந்தவரு, அரிஸ்டாட்டிலோட அந்த அஞ்சாவது பூதத்த பூமிலயே எறக்கிடலாம், வாலைல, அதான் காய்ச்சி வடிக்கிற பாத்திரத்துல, திரும்பத் திரும்ப வடிச்ச திராட்சை மதுவோட ஸ்பிரிட்டுதான் அதுன்னு 1350கள்ல எழுதிட்டாரு. அது சும்மா ஒளறலும் இல்ல. அதுல கறி போட்டா அழுகல, ஆனா அது நெருப்பு மாதிரி எரியுது, தண்ணி மாதிரி ஓடுது, நாலு பூதத்துல எதுலயும் அடங்க மாட்டேங்குது, அப்ப அஞ்சாவதுதானேன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான்.

அடுத்த கடுப்பு, மண்ணுன்னா திடம், தண்ணின்னா திரவம், காத்துன்னா வாயு, நெருப்புன்னா பிளாஸ்மா, பாத்தீங்களா அப்பவே தெரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு சொல்றது. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா பிளேட்டோகிட்ட போய் தங்கம் எதுல சேருதுன்னு கேட்டுப் பாருங்க, தண்ணின்னு சொல்வாரு. உருகுது இல்ல, அப்ப அது உருகுற ஜாதி தண்ணி. அவரோட கணக்குல ஒவ்வொரு பூதமும் கண்ணுக்கு தெரியாத ஒரு வடிவம், நெருப்பு நாலு முக்கோண முகம் உள்ள கூர்முனைக் கட்டி, அதான் சுடுது, மண்ணு கனசதுரம், அதான் அசையாம ஒக்காந்திருக்கு, காத்துக்கு எட்டு முகம், தண்ணிக்கு இருபது முகம், அதான் உருண்டு ஓடுது. முக்கோணங்கள பிரிச்சு வேற மாதிரி சேர்த்தா தண்ணி காத்தாவும் நெருப்பாவும் மாறும், மண்ணு மட்டும் வேற ஜாதி முக்கோணம், அது யாரோடயும் சேராது. இதுல திடம் திரவம் எங்க இருக்கு?

உலோகம்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கிருஷ்ணகிரி மாவட்டத்துல பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைல தோண்டி எடுத்ததுல, இரும்பு கெடச்ச மண்ணடுக்கு கிமு 2172ன்னு கணக்கு வந்ததா 2022ல அறிவிச்சாங்க. அப்புறம் 2025ல தூத்துக்குடி பக்கம் சிவகளைக்கு இன்னும் பழைய தேதி வந்துடுச்சு, அது தனி சண்டை. நம்ம மயிலாடும்பாறை கணக்க மட்டும் வெச்சாலே எம்பெடோக்ளிஸ் பொறக்கறதுக்கு ஆயிரத்தி ஐநூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி இங்க ஒருத்தன் கல்ல எரிச்சு இரும்பு எறக்கியிருக்கான். ஆனா கிரேக்கத்து நாலுலயும் இரும்பு இல்ல, நம்ம அஞ்சுலயும் இல்ல. சீனாக்காரங்க பட்டியல்லதான் மரம், நெருப்பு, மண்ணு, தண்ணியோட உலோகமும் ஒண்ணா நிக்குது. உலையூதுன ஆள கேட்டு பட்டியல் போட்டிருந்தா நம்ம கணக்கே வேற மாதிரி இருந்திருக்குமோ என்னமோ.

சரி, இவ்ளோ பெரிய மூளைங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இதை ஏன் விடாம புடிச்சுக்கிட்டு இருந்தாங்க? அதுக்கு பதில் எங்க ஊரு வீட்டு அடுப்பாங்கரைலயே இருக்கு. போர் தண்ணிய தெனமும் காய்ச்சற பாத்திரத்துக்கு அடில பாருங்க, வெள்ளையா கல்லு மாதிரி உப்பு படிஞ்சு நிக்கும், சொரண்டுனாலும் போகாது, புளி போட்டு ஊற வெச்சாத்தான் கொஞ்சம் எளகும். தெளிவான தண்ணிய ஊத்துனோம், அடில நெருப்பு வெச்சோம், மண்ணு வந்துடுச்சு. கண்ணால பாத்தது. அரிஸ்டாட்டில் சொன்னதும் இதத்தான், ஒவ்வொரு பூதத்துக்கும் ரெண்டு குணம், நெருப்புக்கு சூடும் காய்ச்சலும் (காய்ஞ்சு போற தன்மை), காத்துக்கு சூடும் ஈரமும், தண்ணிக்கு குளிர்ச்சியும் ஈரமும், மண்ணுக்கு குளிர்ச்சியும் காய்ச்சலும். ஒரு குணத்த மாத்துனா போதும், அடுத்த பூதமா ஆயிடும். தண்ணில ஈரத்த எடுத்துட்டு காய வெச்சா மண்ணு, குளிர எடுத்துட்டு சூடேத்துனா காத்து. ஆடி மாசம் வெள்ளம் வர்றப்ப ஒகேனக்கல் போய் நின்னு பாருங்க, பாறைல மோதி தண்ணி பொகையா எழும்பி மூஞ்சில அடிக்கும், தண்ணி காத்தா மாறுதுன்னு ஒருத்தன் அங்க நின்னு சொன்னா சண்டைக்கு போக மாட்டீங்க.

எனக்கு சொல்லணும்னு இருக்கறதே இவ்ளோதான், அவங்க முட்டாளுங்க இல்ல, கண்ணு காட்டுனத ஒழுங்கா எழுதி வெச்சாங்க. கண்ணுக்கு தெரியாதது தண்ணிக்குள்ள இருந்தா அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? அதைக் காட்ட தராசு வர வேண்டியிருந்துச்சு.

தண்ணி மண்ணா மாறும்னா ஈயம் ஏன் தங்கமா மாறக்கூடாது? ரசவாதத்துக்கு கதவ தொறந்து விட்டதே அரிஸ்டாட்டிலோட இந்தக் கணக்குதான். ஜாபிர் இப்னு ஹய்யான் பேர்ல இருக்கற அரபி நூலுங்கள்ல, ஒரே ஆளு எழுதுனது இல்ல அது, நெறைய பேரோட கை இருக்கு, அதுல ஒரு அழகான யோசனை வரும். ஈயம் வெளிய குளிர்ச்சியும் காய்ச்சலும், உள்ள சூடும் ஈரமும். தங்கம் வெளிய சூடும் ஈரமும், உள்ள குளிர்ச்சியும் காய்ச்சலும். அப்ப ஈயத்த சட்டைய கழட்டி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டா தங்கம். அப்புறம் உலோகம் எல்லாமே பூமிக்கு உள்ள பாதரசமும் கந்தகமும் சேர்ந்து வேகறதுல பொறக்குது, சுத்தமா சரியான பதத்துல வெந்தா தங்கம், கொஞ்சம் கெட்டுப்போனா செம்பு, ஈயம், இரும்பு. பூமி ரொம்பக் காலம் எடுத்து செய்யறத நாம உலைல சீக்கிரம் முடிக்கலாம், அவ்ளோதான் அவங்க திட்டம். பின்னாடி பாராசெல்சஸ்னு ஒரு சுவிஸ் மருத்துவர் வந்து இந்த ரெண்டோட உப்பையும் சேர்த்து மூணாக்குனாரு.

எங்க மாமா தர்மபுரில நாட்டு மருந்துக்கடை வெச்சிருக்காரு. ஜாபிர் நூலுங்கள்ல வர்ற சரக்குல பாதி அவரு கடை டப்பாவுல இருக்கும், கந்தகம், படிகாரம், துருசு, நவச்சாரம். நவச்சாரத்த முன்னெல்லாம் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவங்க வாங்கிக்கிட்டு போவாங்களாம், இப்ப அந்த ஆளுங்களே இல்ல. பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்துல போட்டு அரைச்சா மை மாதிரி கருப்பாயிடும், அதையே மூடி வெச்சு எரிச்சா மேல செவப்பா ஏறி ஒட்டும், அதான் சாதிலிங்கம், சித்த மருத்துவம் படிச்சவங்களுக்கு தெரியும். வெள்ளியா ஓடறதும் மஞ்சளா கெடக்கறதும் சேர்ந்து ரத்தச் செவப்பாகறத பாத்தா, இன்னும் ஒரு படி தாண்டுனா தங்கம்தான்னு யாருக்குத்தான் தோணாது. நம்ம பக்கம் அதுக்கு சாமியும் சேர்த்துட்டாங்க, பாதரசம் சிவன், கந்தகம் சக்தி.

"நெசமா தங்கம் வந்திருக்குமா மாமா"ன்னு கேட்டேன்.

"வர்றதா இருந்தா நான் ஏன்டா மாப்ள இங்க ஓமம் மடிச்சிக்கினு ஒக்காந்திருக்கப் போறேன்"னாரு.

தாயுமானவரும் கிட்டத்தட்ட மாமா கட்சிதான். குபேரன் அளவுக்கு தங்கம் வெச்சிருக்கறவன்கூட ரசவாதத்துக்கு அலையறானேன்னு ஒரு பாட்டுல அலுத்துக்கறாரு. இன்னொரு பாட்டுல வெந்தழல்ல ரசத்த வெச்சு அஞ்சு லோகத்தையும் மாத்தி வித்து சாப்பிடலாம், அதெல்லாம் ஈஸி, மனச அடக்கி சும்மா இருக்கறதுதான் கஷ்டம்கறாரு. அங்க பாரசீகத்துல இப்னு சீனாவும் நம்பல, சாயம் ஏத்தலாம், பாக்க தங்கம் மாதிரி பண்ணலாம், உள்ள இருக்கற இனத்த மாத்த முடியாதுன்னு எழுதிட்டாரு. ஆனா அவரோட மருத்துவ நூல்ல நாலு பூதம் மட்டும் அப்படியே உக்காந்திருக்கு, பழைய கிரேக்க வைத்தியர் கேலன்கிட்ட இருந்து பாக்தாத் வழியா வந்தது, அதை இன்னைக்கும் யுனானி ஹக்கீம்ங்க ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கருப்புப் பித்தம்னு நாலா பிரிச்சு பாக்கறாங்க. சென்னை அரும்பாக்கத்துல அரசு யுனானி காலேஜே இருக்கு. இங்கிலாந்துல 1404ல தங்கம் பெருக்கறது குத்தம்னு சட்டமே போட்டாங்க, வேதியியலுக்கு பெரியவர்னு சொல்ற ராபர்ட் பாயில் முயற்சி பண்ணி 1689ல அதை எடுக்க வெச்சாரு, ஏன்னா அவருக்கே அந்த ஆசை இருந்துச்சு. நாலு பூதக் கணக்க 1661ல புத்தகம் போட்டு கிழிச்ச அதே பாயில்தான்!

சாவாம இருக்கற மருந்து, எலிக்சிர்னு தேடுனாங்களே, அதுல மட்டும் எங்க ஊருக்கு ஒரு பெருமை உண்டு. தகடூர் அதியமான் கைல ரொம்ப நாள் வாழ வெக்கிற நெல்லிக்கனி கெடச்சுது, அந்தாளு அதை தான் சாப்பிடாம ஔவையாருக்கு குடுத்துட்டாரு. ரசவாத சரித்திரத்துலயே கெடச்ச மருந்த எடுத்து இன்னொருத்தர் கைல குடுத்த ஒரே ஆளு இவருதான்னு நெனைக்கறேன்.

இப்ப எலும்புக்கு திரும்பலாம். 1669ல ஜெர்மனில ஹாம்பர்க் ஊர்ல ஹென்னிக் பிராண்ட்ங்கிறவரு தங்கம் தேடி சிறுநீர காய்ச்சுனாரு. மஞ்சளா இருக்குல்ல, அப்ப உள்ள தங்கம் இருக்கணும். பானை பானையா சேர்த்து, நாறற வரைக்கும் விட்டு, வத்த வெச்சு, அந்தக் கசடு மேல கடும் நெருப்பு ஏத்துனாரு. தங்கம் வரல, இருட்டுல தானா ஒளி விடற ஒரு மெழுகு மாதிரி பொருள் வந்துச்சு, காத்துபட்டா தீப்பிடிச்சுக்குது. பாஸ்பரஸ். அப்புறம் ஒரு நூறு வருஷம் கழிச்சு ஸ்வீடன்ல கானும் ஷீலேவும் அந்த பாஸ்பரஸ் எலும்புல நெறைய இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. நம்ம உடம்புல இருக்கற பாஸ்பரஸ்ல 85 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும்தான். எலும்புல பாதி நெருப்புன்னு ஒருத்தரு பாட்டு எழுதி, ரெண்டாயிரத்தி இருநூறு வருஷம் கழிச்சு எலும்புல இருந்து தானா எரியற பொருள எடுக்கறாங்க. மயிர்க்கூச்செறியுதுல்ல? ஆனா தயவுசெஞ்சு இதை ‘எம்பெடோக்ளிஸ் அன்றே சொன்னார்’னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, தற்செயல்தான், அவரு சதைக்கும் ரத்தத்துக்கும்கூட மத்த மூணோட கிட்டத்தட்ட சரிபங்கா நெருப்பு போட்டவரு.

தராசு கதை வான் ஹெல்மான்ட்ல ஆரம்பிக்குது, பெல்ஜியம் பக்கத்து ஆளு. 200 பவுண்டு மண்ண உலைல காய வெச்சு தொட்டில போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்னு நட்டு, அஞ்சு வருஷம் வெறும் தண்ணி மட்டும் ஊத்துனாரு. மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ், மண்ணு கொறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ். அப்ப மரம் மொத்தமும் தண்ணிதான்னு முடிவு பண்ணிட்டாரு. பாவம், அதே ஆளுதான் கரிய எரிச்சா வர்ற காத்துக்கு கேஸ்னு பேரு வெச்சவரு, 62 பவுண்டு கரில 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுது, மீதி கேஸா போகுதுன்னு எழுதுனவரு. மரத்துக்கு உடம்பு குடுத்ததே அந்த கேஸ்தான், அது அவரு கைலயே இருந்துச்சு, ரெண்டையும் முடிச்சு போடல.

பிரான்ஸ் நாட்டு வேதியியல் ஆளு லவாசியே 1768ல எறங்குனாரு. கேள்வி நம்ம அடுப்பாங்கரை கேள்வியேதான், தண்ணிய காய்ச்சுனா மண்ணு வருதே, அது தண்ணில இருந்தா வருது? பெலிக்கன்னு ஒரு கண்ணாடி வாலை, உள்ளயே ஆவி ஏறி உள்ளயே சொட்டற மாதிரி மூக்கு வளைஞ்சு இருக்கும். அதுல நல்லா வடிச்ச தண்ணிய போட்டு மூடி 101 நாள் காய்ச்சிக்கிட்டே இருந்தாரு. உள்ள மண்ணு மாதிரி தூள் வந்துச்சு. மொத்தமா எடை போட்டாரு, மாறல, அப்ப நெருப்பு உள்ள பூந்து எடை ஏத்தல. தண்ணிய தனியா எடை போட்டாரு, கொறையல. பாத்திரத்த போட்டாரு, கொறைஞ்சிருக்கு, கிட்டத்தட்ட அந்தத் தூளு அளவுக்கு. கண்ணாடிதான் கரைஞ்சிருக்கு. எனக்கு இதுல புடிச்சதே அந்தப் பொறுமைதான், மூணு மாசத்துக்கு மேல அடுப்ப அணைக்காம வெச்சு கடைசில பாத்திரத்த எடை போடணும்னு தோணுதே, அங்கதான் நிக்கறான் மனுஷன்.

1772ல ரசவாதிங்களோட ரெண்டு செல்லப்புள்ளைங்களையும், பாஸ்பரஸையும் கந்தகத்தையும், எரிச்சு எடை கூடுதுன்னு கண்டாரு, எரியறப்ப நெருப்பு வெளிய போகல, காத்துல இருந்து ஏதோ உள்ள வருது. 1783ல தண்ணியே ஒரு சேர்மம், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்ததுன்னு அறிவிச்சாரு. 1789ல 33 தனிப்பொருள் கொண்ட பட்டியல். இரும்பு, ஈயம், பாதரசம், தங்கம் எல்லாம் ஒருவழியா உள்ள வந்துடுச்சு. தண்ணி போச்சு, காத்து போச்சு, மண்ணு அஞ்சா ஒடைஞ்சு சுண்ணாம்பு, அலுமினான்னு நின்னுச்சு. நெருப்பு மட்டும் போகல, கலோரிக்னு வேற சட்டை போட்டுக்கிட்டு பட்டியல்ல ரெண்டாவது எடத்துல உக்காந்துக்கிச்சு! அதே பட்டியல்ல, இன்னும் யாரும் பிரிச்சு எடுக்காத சாமான்ல ஒண்ணா ஃப்ளூரிக் ரேடிக்கல்னு ஒரு வரி இருக்கும். அதான் நம்ம ஊரு வில்லன்.

அதைப் பிரிச்செடுக்க போனதுல பெல்ஜியத்துல லூயே, பிரான்ஸ்ல நிக்லெஸ்னு ரெண்டு பேரு உயிரையே விட்டாங்க. 1886ல மொய்சான்தான் ஃப்ளோரின தனியா எடுத்தாரு. தர்மபுரி, கிருஷ்ணகிரில அது பாறைக்குள்ள இருக்கு, அபடைட், கருப்பு மைக்கா மாதிரி கனிமத்துல. மழை கம்மி, போர் ஆழமா போகுது, பாறைல ரொம்ப நாள் கெடந்த தண்ணி மேல வருது, ஃப்ளோரைடையும் கூட்டிக்கிட்டு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டுன போரு எங்க பக்கம் நெறைய. அது நேரா போய் ஒக்கார்ற எடம் எலும்பும் பல்லும், எலும்போட கால்சியம் பாஸ்பேட் படிகத்துல ஹைட்ராக்சில் இருக்கற எடத்த தள்ளிட்டு தான் ஏறிக்குது. கொஞ்சமா இருந்தா பல்லுக்கு நல்லது. அதிகமானா கொழந்தைல முளைக்கிற பல்லே திட்டு திட்டா காவி ஏறி வரும், வருஷக்கணக்கா குடிச்சா முட்டி, இடுப்பு, கழுத்து எல்லாம் மடங்காம புடிச்சுக்கும். ஒசூர்ல வேலைக்கு சேர்ந்த புதுசுல, நான் சிரிச்சதுமே "தர்மபுரியா ப்ரோ"ன்னு கேட்டவங்க உண்டு.

இந்தத் தண்ணிய பாத்தா பளிங்கு மாதிரி இருக்கும். வாசனை இல்ல, கலர் இல்ல. எம்பெடோக்ளிஸ் வந்து எங்க வீட்டு சொம்புல பாத்தாலும் தண்ணின்னுதான் சொல்லியிருப்பாரு, லவாசியேவே பட்டியல்ல எழுதி வெச்சும் அது என்னன்னு தெரியாமத்தான் இருந்தாரு. நெருப்பு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்ங்கிறது ரசவாதிங்க நம்பிக்கை, எங்க ஊர்லயும் நெறைய பேருக்கு அதே நம்பிக்கை, நல்லா கொதிக்க வெச்சுட்டோம்னா பிரச்சனை இல்லன்னு. கிருமி சாகும், அது சரி. ஃப்ளோரைடு போகாது, தண்ணி ஆவியாகி கொறையக் கொறைய அதோட அளவு ஏறத்தான் செய்யும். அதை எறக்க நாக்பூர்ல இருக்கற நீரிங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் 1970கள்ல ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, அப்ப ஆந்திரால, இப்ப தெலங்கானால இருக்கற, இதே பிரச்சனை இருந்த நல்கொண்டா பேர்லயே அதைச் சொல்றாங்க, படிகாரமும் சுண்ணாம்பும் கணக்கா போட்டு கலக்கி தெளிய விடறது. மாமா கடைல ரெண்டுமே கெடைக்கும், ஆனா கண்ணு மதிப்புல வீட்டுல போட்டு கலக்கற வேலை இல்ல அது, ஃப்ளோரைடு அளவும் தண்ணியோட தன்மையும் தெரிஞ்சு போடணும், இல்லன்னா அலுமினியம் தண்ணிலயே நின்னுடும்.

பெரிய மாத்தம் வந்தது 2013ல, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம், ஜப்பான் கடன் வாங்கி சுமார் 1,900 கோடி ரூபாய்ல ரெண்டு மாவட்டத்துக்கும் காவேரித் தண்ணி. எங்க ஊருக்கும் வருது, தெனமும் வருதான்னு கேக்காதீங்க. வராத நாளுக்கு போர் தண்ணிதான்.

ஆனா எங்க ஆயா வர்ற நாளுலயும் போர் தண்ணிதான் குடிக்கும். காவேரித் தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டு "என்னடா இது சப்புனு கெடக்குது, நம்ம தண்ணில இருக்கற ருசி எங்க"ன்னு சொம்ப கீழ வெச்சிடுச்சு. அந்த ருசி வேற உப்புங்களால வர்றது ஆயா, கெடுதல் பண்றது வேற, அதுக்கு ருசியும் இல்ல கலரும் இல்லன்னு நான் பெரிய விஞ்ஞானி மாதிரி எடுத்து சொன்னேன்.

"ருசியும் இல்ல, கலரும் இல்ல, கண்ணுக்கும் தெரியல, அப்ப அது இருக்குதுன்னு உனக்கு மட்டும் எப்பட்றா தெரியும்"னுச்சு.

அடுத்த தடவ ஊருக்கு போறப்ப ஒரு பாட்டில்ல எங்க போர் தண்ணிய புடிச்சுக்கிட்டு குடிநீர் வாரியம் லேப்ல குடுக்கப் போறேன், ரிசல்ட் பேப்பர ஆயா கைலயே குடுக்கணும். ஆயா படிக்காது, அந்த நம்பர நாந்தான் படிச்சு சொல்லணும், அதையும் நம்புமான்னு தெரியல.